காயம் என்று விலகும் குத்துச்சண்டை வீரரை நம்பலாமா?

கேள்வி: பெரிய குத்துச்சண்டைப் போட்டிகளுக்குச் சில நாள் முன்பு வீரர்கள் திடீரென்று ‘காயம்’, ‘உடம்பு சரியில்லை’ என்று விலகிவிடுகிறார்களே, இதெல்லாம் உண்மையா? இல்லை, எதிராளிக்குப் பயந்து சொல்லும் சாக்கா? பிரிட்டன் வீரர் டேவிட் ஹே மாதிரி அடிக்கடி விலகியவர்களை எப்படி நம்புவது?

இருபது வருடங்களுக்கு மேலாக இந்த விளையாட்டை விடாமல் பார்த்து வருகிறேன். அதற்கு முன் கொஞ்ச காலம் நானே கிளவ்ஸ் மாட்டியிருக்கிறேன். நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் அந்தக் காயம் உண்மைதான். சில நேரம் பாதி உண்மை. முழுப் பொய் என்பது நாம் நினைப்பதைவிட மிகக் குறைவு. எனக்கு மனசு அடித்துக்கொள்வது விலகுபவர்களை நினைத்து இல்லை, விலக வேண்டிய நேரத்தில் விலகாமல் ரிங் ஏறுகிறவர்களை நினைத்துத்தான். அதற்குப் பிறகு வருகிறேன்.

‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்று நம்மிடம் ஒரு பேச்சு உண்டு. யார் விலகினாலும் ரசிகர்களுக்கு முதலில் தோன்றுவது அதுதான். ஆனால் இங்கே கூடம் நிஜமாகவே கோணலாகத்தான் இருக்கிறது. ஏன் என்று புரிய, ஒரு கேம்ப், அதாவது சண்டைக்கு முந்தைய பயிற்சி முகாம், எப்படி நடக்கிறது என்று தெரிய வேண்டும்.

ஒரு பெரிய சண்டைக்கு எட்டு முதல் பத்து வாரம் கேம்ப் போடுவார்கள். முதல் சில வாரங்கள் ஓட்டம், எடை தூக்குவது, பை குத்துவது என்று போகும். அப்புறம் ஸ்பாரிங், அதாவது இன்னொருவரோடு மோதிப் பழகும் பயிற்சிச் சண்டை, ஆரம்பிக்கும். சண்டைக்கு நான்கு வாரம் முன்பிருந்து கடைசிப் பத்து நாள் வரை அது உச்சத்தில் இருக்கும். எதிராளியைப் போலவே உயரமும் ஸ்டைலும் உள்ள ஆட்களைச் சம்பளம் கொடுத்துக் கூட்டி வந்து, அவர்களோடு பத்து, பன்னிரண்டு ரவுண்டுகள் நிஜச் சண்டை மாதிரியே ஆடுவார்கள். அதே சமயம் எடை குறைப்பதும் நடந்துகொண்டிருக்கும். உடம்பில் நீர் குறைவு, தூக்கம் குறைவு, தசைகள் இறுகிக் கிடக்கும். ஆக, உடம்பு மிகவும் சோர்ந்திருக்கும் வாரங்களும் அடி மிக பலமாக விழும் வாரங்களும் ஒன்றேதான். காயம் பெரும்பாலும் கடைசி மூன்று வாரத்தில் வருவதற்குக் காரணம் இதுதான். ‘அதெப்படி சரியாகச் சண்டைக்கு முன்னாடி மட்டும் காயம் வருது?’ என்று கேட்பவர்களுக்கு என் பதில்: வேறு எப்போது வரும்?

புருவ வெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு மேலே உள்ள எலும்பு விளிம்பில் தோலுக்கு அடியில் சதை மிகக் குறைவு. ஹெட்கார்டு போட்டிருந்தாலும் ஒரு முழங்கை உரசினால் போதும், கத்தி பட்டது போலப் பிளந்துவிடும். தையல் போட்டு மேல்தோல் ஒட்டிக்கொண்டாலும் உள்ளே உறுதியாக வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் ரிங் ஏறினால் முதல் ஜாப் (முன்னால் நிற்கும் கையின் நேர்க்குத்து) பட்டதுமே திறந்துகொண்டு கண்ணுக்குள் ரத்தம் இறங்கும். டாக்டர் சண்டையை நிறுத்துவார், தோல்வி என்று பதிவாகும். இதைத் தெரிந்தே எந்த டிரெய்னரும் தன் ஆளை ஏற்ற மாட்டார்.

இதற்கு மிகப் பெரிய உதாரணம் 1974-இல் நடந்தது. இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு அப்போது ஸயீர். தலைநகர் கின்ஷாசாவில் செப்டம்பர் 25 அன்று ஜார்ஜ் ஃபோர்மேனும் முகமது அலியும் மோதுவதாக ஏற்பாடு. தலைக்கு 50 லட்சம் டாலர். ஃபோர்மேனுக்கு 25 வயது, 40 சண்டை, 40 வெற்றி, அதில் 37 நாக் அவுட். ஜோ ஃப்ரேசியரையும் கென் நார்ட்டனையும் இரண்டிரண்டு ரவுண்டில் முடித்தவர். அலிக்கு 32 வயது. யார் யாருக்குப் பயப்பட வேண்டும் என்பதில் அன்று எவருக்கும் சந்தேகமே இல்லை. சண்டைக்கு ஒரு வாரத்துக்குச் சற்று மேல் இருக்கும்போது, ஸ்பாரிங்கில் பில் மக்மரே என்பவர் அடியைத் தடுக்கக் கையை உயர்த்தினார். முழங்கை ஃபோர்மேனின் வலது புருவத்தில் பட்டுக் கிழித்துவிட்டது. அவ்வளவுதான். உலகமே காத்திருந்த சண்டை அக்டோபர் 30-க்குத் தள்ளிப் போனது. சண்டையோடு சேர்த்து ஏற்பாடு செய்திருந்த இசை விழா மட்டும் சொன்ன தேதியில், ஜேம்ஸ் பிரவுன், பி.பி. கிங் எல்லாம் பாட, சண்டை இல்லாமலேயே நடந்து முடிந்தது.

அந்த ஐந்து வாரம்தான் சண்டையின் போக்கையே மாற்றியது என்று நான் நினைக்கிறேன். ஃபோர்மேன் வெளியூர் போய்ச் சிகிச்சை எடுக்க விரும்பினார், போக முடியவில்லை. வெட்டு ஆறும்வரை ஸ்பாரிங்கும் கிடையாது. அலியோ அதே ஊரில் மக்களோடு கலந்தார், ஓடினார், பேசினார். சண்டை நாள் விடிகாலை நான்கு மணிக்கு ரிங் ஏறியபோது மைதானம் முழுக்க அவர் பக்கம் இருந்தது. எட்டாவது ரவுண்டில் ஃபோர்மேன் விழுந்தார். அத்தனை பேரையும் நடுங்க வைத்த மனிதருக்கே ஒரு முழங்கை உரசலில் சண்டை தள்ளிப் போயிற்று என்றால், வெட்டுக்கும் வீரத்துக்கும் சம்பந்தமில்லை என்பது புரியும்.

ஐம்பது வருடம் கழித்து அதே கதை. டைசன் ஃப்யூரியும் ஒலெக்சாண்டர் உசிக்கும் 2024 பிப்ரவரி 17 அன்று ரியாத்தில் மோத வேண்டும். இரண்டு வாரம் இருக்கும்போது ஸ்பாரிங்கில் ஃப்யூரியின் வலது புருவம் கிழிந்தது. ரத்தம் வழிய நிற்கும் வீடியோவே வெளியானது. அதற்கும் ‘அவனே வெட்டிக்கிட்டான்’ என்று எழுதியவர்களைப் பார்த்தேன். மே 18 அன்று இருவரும் பன்னிரண்டு ரவுண்டும் ஆடினார்கள். உசிக் ஜெயித்தார். பயந்து ஓடுகிறவர் மூன்று மாதத்தில் அதே ஆளிடம் திரும்பி வருவாரா?

சரி, டேவிட் ஹே விஷயத்துக்கு வருவோம். நீங்கள் மட்டுமல்ல, பிரிட்டனில் பாதிப் பேர் அவரை நம்பவில்லை. பட்டியலைப் பார்த்தால் கோபம் வருவது நியாயம்தான். 2009 ஜூனில் ஜெர்மனியின் கெல்சன்கிர்ஷனில், பெரிய கால்பந்து மைதானத்தில் உலக சாம்பியன் விளாடிமிர் கிளிட்ச்கோவோடு சண்டை. முதுகில் அடி என்று விலகினார். அவருக்குப் பதிலாக ருஸ்லான் சகாயேவ் வந்தார். சகாயேவ் எப்படிக் கிடைத்தார் என்பதே ஒரு கதை. அதற்குச் சில வாரம் முன்பு ஃபின்லாந்தில் நிக்கோலாய் வாலுயேவோடு அவருக்கு இருந்த சண்டை, ரத்தப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் பி பிரச்சினை வந்ததால் ரத்தாகியிருந்தது. கடைசியில் கிளிட்ச்கோ சகாயேவை வென்றார். ஹே அதே வருடம் நவம்பரில் வாலுயேவை வென்று உலக சாம்பியன் பெல்ட் வாங்கினார்.

அப்புறம் 2013. செப்டம்பர் 28 அன்று மான்செஸ்டரில் டைசன் ஃப்யூரியோடு சண்டை. ஒரு வாரம் இருக்கும்போது இடது கண்ணுக்கு மேல் வெட்டு. பிப்ரவரி 2014-க்குத் தள்ளினார்கள். நவம்பரில் தோள்பட்டை அறுவை சிகிச்சை, டாக்டர்கள் இனி ஆடவே வேண்டாம் என்கிறார்கள் என்று மறுபடியும் விலகினார். இரண்டு தடவை கேம்ப் போட்டு ஏமாந்த ஃப்யூரி கொதித்துப் போனார். அவர் கோபத்தை நான் குறை சொல்லவே மாட்டேன். 2016 ஜனவரியில் ஹே திரும்பி வந்தபோது, ‘பார்த்தீர்களா, தோள்பட்டை நன்றாகத்தானே இருக்கிறது’ என்று எல்லோரும் சொன்னார்கள்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2017 மார்ச்சில் டோனி பெல்லூவோடு ஆடும்போது நடு ரிங்கில், லட்சக்கணக்கானோர் பார்க்க, ஹேயின் குதிகால் தசைநாண் கிழிந்தது. ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு பதினோராவது ரவுண்டு வரை நின்றார். மறுசண்டை டிசம்பரில் என்றார்கள். படிக்கட்டில் பயிற்சி செய்யும்போது வழுக்கி விழுந்து கையில் பைசெப்ஸ் தசை போய்விட்டது, மறுபடி தள்ளிவைப்பு. 2018 மே மாதம் ஆடித் தோற்று, ஓய்வு பெற்றார். முதுகு, தோள், குதிகால், பைசெப்ஸ் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். சாக்குச் சொல்லும் ஆளின் வரலாறு இப்படி இருக்காது. க்ரூசர்வெயிட்டில் இருக்க வேண்டிய உடம்பை அதற்கு மேல் எடைப் பிரிவான ஹெவிவெயிட்டுக்கு ஏற்றி, அந்த வேகத்தோடு குத்தி, கொஞ்சம் கொஞ்சமாக உடைந்துபோன ஒரு மனிதரின் மருத்துவக் குறிப்பு அது. அப்படித்தான் நான் வாசிக்கிறேன்.

ஹே மேல் எனக்கு வருத்தம் இருப்பது வேறொன்றில். 2011 ஜூலையில் ஹாம்பர்க்கில் கிளிட்ச்கோவிடம் பாயின்ட்டில் தோற்றபின், செய்தியாளர் கூட்டத்தில் காலணியைக் கழற்றி உடைந்த கால் விரலைக் காட்டினார். வலது கால் விரலில் அடிபட்டால் வலது குத்தில் அழுத்தம் வராது என்பது உண்மை. ஆனால் தோற்ற பிறகு சொல்லும் காயம் ஜெயித்தவரின் உழைப்பைத் திருடுகிறது. சண்டைக்கு முன் சொன்னால் அது விலகல், பின் சொன்னால் சாக்கு. ஒரே கால்விரல், ஆனால் சொல்லும் நேரம் எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. அவர் ஏன் முன்பே சொல்லவில்லை? 2009-இல் ஒரு தடவை விலகியதற்கு வாங்கிய ஏச்சு போதாதா? இன்னொரு தடவை அதே ஆளிடமிருந்து விலகினால் வாழ்நாள் முழுக்கத் தொடைநடுங்கி என்ற பெயர்தான். நாம் செய்யும் கேலிக்கும் வீரர்கள் காயத்தை மறைப்பதற்கும் இருக்கும் தொடர்பு இதுதான்.

இந்த மறைப்பு எப்படி நடக்கிறது என்று எனக்கு உள்ளிருந்தே தெரியும். கல்லூரிக் காலத்தில் மாவட்ட அளவுப் போட்டி ஒன்றுக்கு மூன்று நாள் முன்பு, ஸ்பாரிங்கில் இடது விலாவில் ஒரு ஹூக் (பக்கவாட்டுக் குத்து) வாங்கினேன். தும்ம முடியவில்லை. அந்தப் பக்கம் படுக்க முடியவில்லை. பனியன் கழற்றக் கையைத் தூக்கினால் உயிர் போயிற்று. மாஸ்டரிடம் சொல்லவில்லை. போட்டி அன்று காலை வரிசையில் நின்றோம். டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்தார், கண்ணில் டார்ச் அடித்தார், வயிற்றை லேசாக அமுக்கினார். ‘ஏதாவது பிரச்சினை இருக்காப்பா?’ என்றார். ‘இல்ல சார்’ என்றேன். ஒரே ஒரு சொல். பின்னால் நின்ற பையனுக்கும் மணிக்கட்டு வீங்கியிருந்தது எனக்குத் தெரியும். அவனும் ‘இல்ல சார்’ என்றான். இரண்டாவது ரவுண்டில் அதே இடத்தில் ஒரு குத்து விழுந்தது. மூச்சை உள்ளே இழுக்க முடியாமல் முழங்கால் போட்டு உட்கார்ந்தேன். தோற்றது பெரிதில்லை, அன்று விலா உடைந்து உள்ளே குத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பல வருடம் கழித்துத்தான் நினைத்துப் பார்த்தேன். ‘முடியாது’ என்று சொல்ல எனக்கு இடமே இல்லாத மாதிரி இருந்தது. அத்தனைக்கும் அங்கே பரிசுப் பணம் எதுவும் கிடையாது.

இப்போது அந்த ‘இல்ல சார்’ பத்துக் கோடி டாலர் சண்டையில் எப்படி இருக்கும் என்று பாருங்கள். 2015 மே 2, லாஸ் வேகாஸ். ஃப்ளாய்ட் மேவெதரும் மேனி பக்கியாவ்வும். ஐந்து வருடம் பேசிப் பேசி ஒருவழியாக அமைந்த சண்டை. சில வாரம் முன்பே பயிற்சியில் பக்கியாவ்வின் வலது தோளில் அடி. தள்ளிவைக்கலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். சண்டைக்கு முந்தைய நாள் சண்டைக்கு அனுமதி தரும் நெவாடா மாநில விளையாட்டு ஆணையத்துக்குக் கொடுக்கும் மருத்துவப் படிவத்தில், தோளில் காயம் ஏதேனும் உண்டா என்ற இடத்தில் ‘இல்லை’ என்று குறிக்கப்பட்டிருந்தது. சண்டை அன்று இரவு டிரெஸ்ஸிங் ரூமில் வலிக்கு ஊசி போட அனுமதி கேட்டார்கள். ‘காயமே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், இப்போது எப்படி ஊசி?’ என்று ஆணையம் மறுத்துவிட்டது. வலது கை சரியாக வேலை செய்யாமல் பன்னிரண்டு ரவுண்டு ஆடித் தோற்றார். சில நாளில் லாஸ் ஏஞ்சலஸில் அறுவை சிகிச்சை.

அமெரிக்காவில் மட்டும் 46 லட்சம் பேர் பணம் கட்டிப் பார்த்த சண்டை அது. காயத்தை மறைத்து எங்களை ஏமாற்றிவிட்டார்கள் என்று ரசிகர்கள் வழக்குப் போட்டார்கள். ஒன்றல்ல, பல மாநிலங்களில். வழக்குகள் தள்ளுபடியாகி, 2019-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. காசு கொடுத்தவர்கள் முழுச் சண்டையையும் பார்த்துவிட்டார்கள், எதிர்பார்த்த அளவு விறுவிறுப்பு இல்லை என்பதற்காக வழக்குப் போட முடியாது என்பது சாரம். சட்டம் அப்படி. ஆனால் யோசித்துப் பாருங்கள், விலகியிருந்தால் ‘மேவெதருக்குப் பயந்துவிட்டான்’ என்றிருப்போம். விலகாமல் ஆடியதால் ‘ஏமாற்றிவிட்டான்’ என்றோம். அந்த மனிதர் எதைத்தான் செய்திருக்க வேண்டும்?

சொல்லும் காரணம் வேறு, உள்ளே இருக்கும் காரணம் வேறு என்று ஆகும் இடங்களும் உண்டு. 2015 நவம்பரில் கிளிட்ச்கோவை வென்று உலக சாம்பியன் ஆன ஃப்யூரி, 2016 ஜூலையில் மறுசண்டை ஆட வேண்டும். கணுக்கால் சுளுக்கு என்று தள்ளிவைத்தார். அக்டோபருக்கு மாற்றினார்கள். ‘மருத்துவ ரீதியாகத் தகுதியில்லை’ என்று மறுபடி விலகல். அப்போது அவரைத் திட்டியவர்களில் நானும் உண்டு. அதை இப்போது நினைத்தாலும் வலிக்கிறது. பிறகு அவரே வெளிப்படையாகச் சொன்னார்: கடுமையான மன அழுத்தம், குடி, கொக்கேன், உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம். எடை 180 கிலோவை நெருங்கியது. பெல்ட் எல்லாவற்றையும் விட்டுக் கொடுத்தார். 2018-இல்தான் திரும்பி வந்தார். கணுக்காலைப் பற்றிச் சொல்வது சுலபம். ‘மனசு சரியில்லை’ என்று ஆறடி ஒன்பது அங்குல உலக சாம்பியன் 2016-இல் எப்படிச் சொல்வார்? 2021-இல் ரையன் கார்சியா மனநலம் காரணமாக ஹாவியர் ஃபோர்ட்டுனாவோடு இருந்த சண்டையிலிருந்து விலகுகிறேன் என்று பெயர் சொல்லியே அறிவித்தார். அந்த அளவுக்காவது ஒரு கதவு திறந்திருக்கிறது.

சந்தேகப்பட வேண்டிய விலகல்களே இல்லையா என்றால், இருக்கின்றன. நான் பார்ப்பது ஒன்றுதான்: விலகியதால் அவருக்கு என்ன கிடைத்தது? சண்டை நடக்காவிட்டால் வீரருக்குச் சம்பளப் பணம் கிடையாது. கேம்ப் செலவு, ஸ்பாரிங் ஆட்களின் வாரச் சம்பளம், தங்குமிடம் எல்லாம் பெரும்பாலும் அவர் தலையில்தான். எனவே விலகுவது நஷ்டம். நஷ்டத்துக்குப் பதிலாக லாபம் வந்தால்தான் புருவத்தை உயர்த்த வேண்டும். 2021 அக்டோபர் 9 அன்று ஃப்யூரி டியான்டே வைல்டரை மூன்றாவது முறை சந்தித்து வென்றார். அடுத்ததாக அவரோடு மோத வேண்டியவர் வரிசையில் டில்லியன் வைட் நின்றார். ஆனால் அக்டோபர் 30 அன்று வைட்டுக்கு ஓட்டோ வாலினோடு சண்டை இருந்தது. தோற்றால் வாய்ப்பு போய்விடும். பத்து நாள் முன்பு தோள்பட்டை காயம் என்று வைட் விலகினார். 2022 ஏப்ரலில் வெம்பிளியில் தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்டோர் முன்னால் ஃப்யூரியோடு ஆடினார். காயம் பொய் என்று நான் சொல்லவில்லை, அவர் உடம்புக்குள் நான் போய்ப் பார்க்கவில்லை. ஆனால் வாலின் தரப்பு சந்தேகப்பட்டதை யாரும் தவறு சொல்ல முடியாது. இப்படிப்பட்ட இடங்களில் அமைப்புகள் தங்கள் டாக்டரை அனுப்பிப் பரிசோதித்தே ஆக வேண்டும் என்பது என் பிடிவாதமான கருத்து.

ஊக்கமருந்து விஷயம் வேறு கணக்கு. அது விலகலே இல்லை, நிறுத்தப்படுவது. 2018-இல் கானெலோ அல்வாரெஸ், பரிசோதனையில் சிக்கிய க்ளென்புட்டரால் என்ற தடைசெய்யப்பட்ட மருந்துக்கு மெக்சிகோ மாட்டிறைச்சியைக் காரணம் சொன்னார், கெனாடி கொலோவ்கினோடு மே மாதம் இருந்த சண்டை செப்டம்பருக்குப் போனது. 2022 அக்டோபரில் கோனர் பென், கிறிஸ் யூபாங்க் ஜூனியர் சண்டை அந்த வாரத்திலேயே நின்றது. பென்னின் உடம்பில் க்ளோமிஃபீன் என்ற தடைசெய்யப்பட்ட மருந்து. முட்டை அதிகம் சாப்பிட்டதால் வந்திருக்கலாம் என்று உலகக் குத்துச்சண்டைக் கவுன்சில் ஏற்றுக்கொண்டதும், முட்டையை வைத்து நக்கல் செய்யாதவர்களே இல்லை. நீண்ட விசாரணைக்குப் பிறகு 2024 நவம்பரில் அவர் விதிமீறல் செய்ததாக நிரூபிக்கப்படவில்லை என்று முடிந்தது. 2025 ஏப்ரலில் இருவரும் ஒருவழியாக ஆடினார்கள், யூபாங்க் ஜெயித்தார்.

விலகலால் மற்றவர்கள் படும் பாட்டைச் சொல்லாமல் இருக்க முடியாது. சோனி லிஸ்டனை நினைத்தால் எனக்கு இன்றும் பாவமாக இருக்கும். 1964 பிப்ரவரியில் அலியிடம் இழந்த பட்டத்தை மீட்க, நவம்பர் 16 அன்று பாஸ்டனில் மறுசண்டை. லிஸ்டன் உயிரைக் கொடுத்துப் பயிற்சி செய்து உடம்பைத் தயார் செய்திருந்தார். மூன்று நாள் முன்பு அலிக்குக் குடலிறக்கம், இரவோடு இரவாக அறுவை சிகிச்சை. அலி மேல் எந்தத் தப்பும் இல்லை, அது உயிருக்கே ஆபத்தான நிலை. ஆனால் வயதாகிக்கொண்டிருந்த லிஸ்டனால் அந்த உடம்பை ஆறு மாதம் கழித்து மறுபடி கொண்டுவர முடியவில்லை. பாஸ்டனும் கைவிட, மெய்ன் மாநிலத்தின் லூயிஸ்டன் என்ற சிற்றூரில் 2,434 பேர் முன்னால் சண்டை நடந்தது. முதல் ரவுண்டிலேயே முடிந்தது.

மைக் டைசன், எவாண்டர் ஹோலிஃபீல்ட் சண்டை 1991 நவம்பரில் நடக்க வேண்டியது. டைசனுக்கு விலாக் குருத்தெலும்பில் காயம், தள்ளிவைப்பு. அதற்குள் பாலியல் வன்கொடுமை வழக்கில் தண்டனை பெற்றுச் சிறை போனார். சண்டை நடந்தது 1996 நவம்பரில், ஐந்து வருடம் கழித்து.

இன்னொன்று, மாற்று ஆள். விலகுபவருக்குப் பதில் வருபவரைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. 2024 மார்ச் 30 அன்று டிம் ஸூ, கீத் தர்மனோடு ஆட வேண்டும். தர்மனுக்கு பைசெப்ஸ் காயம். பன்னிரண்டு நாள் இருக்கும்போது செபாஸ்டியன் ஃபன்டோராவைக் கொண்டுவந்தார்கள். தர்மன் வலதுகைக்காரர், உயரம் ஐந்தடி ஏழு அங்குலம் அளவு. ஃபன்டோரா இடதுகைக்காரர், ஆறடி ஐந்து அங்குலத்துக்கும் மேல். வாரக்கணக்கில் பழகிய கால் வைப்பு, தூரக் கணக்கு எல்லாம் வீண். இரண்டாவது ரவுண்டில் ஃபன்டோராவின் முழங்கை பட்டு ஸூவின் தலை பிளந்து, மிச்சச் சண்டை முழுக்க முகத்தில் ரத்தம் வழிந்தபடி ஆடித் தோற்றார். 2019-இல் ஊக்கமருந்தில் சிக்கிய ஜேரல் மில்லருக்குப் பதிலாக ஒரு மாத அவகாசத்தில் வந்த ஆண்டி ரூயிஸ், அந்தோணி ஜோஷுவாவை ஏழாவது ரவுண்டில் முடித்தது உங்களுக்கு நினைவிருக்கும். எல்லா நேரமும் இப்படி நடக்காது. 2025 பிப்ரவரியில் டேனியல் டுபுவா உடல்நலம் சரியில்லாமல் விலக, இரண்டு நாள் அவகாசத்தில் காங்கோவிலிருந்து ரியாத்துக்குப் பறந்து வந்த மார்ட்டின் பகோலே, ஜோசஃப் பார்க்கரிடம் இரண்டாவது ரவுண்டிலேயே விழுந்தார். தயாராகாத உடம்போடு ஒருவரை இப்படி ஏற்றுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கடைசியாக, கண். இந்த விளையாட்டில் நான் மிகவும் அஞ்சுவது விழித்திரைக் கிழிசலுக்குத்தான். வெளியே ஒரு கீறலும் தெரியாது, வலியும் இருக்காது. பார்வையில் சின்னச் சின்னக் கரும்புள்ளிகள் மிதக்கும், ஓரத்தில் திரை இறங்குவது போல இருக்கும். கவனிக்காமல் விட்டால் அந்தக் கண் போனதுதான். ஹாரி க்ரெப் என்ற பழைய மிடில்வெயிட் சாம்பியன் 1921 வாக்கில் ஒரு கண்ணில் பார்வை போயும் அதை மறைத்துக்கொண்டு 1926 வரை ஆடினார். அந்தக் காலத்தில் அதை வீரம் என்று பாடினார்கள். 1982 மே மாதம் சுகர் ரே லெனார்டு, பஃபலோவில் ரோஜர் ஸ்டாஃபோர்டோடு ஆட வேண்டிய வாரத்தில், கண்ணில் புள்ளிகள் தெரிகின்றன என்று டாக்டரிடம் சொன்னார். விழித்திரை பகுதி விலகியிருந்தது. சண்டை ரத்து, பால்டிமோரில் அறுவை சிகிச்சை. அவர் வாய் திறந்து சொன்னதால் அந்தக் கண் பிழைத்தது.

2021 ஆகஸ்டில் எரோல் ஸ்பென்ஸ், பக்கியாவ்வோடு ஆட வேண்டிய நேரம். சண்டைக்குப் பதினோரு நாள் இருக்கும்போது அறிவிப்பு வந்தது: நெவாடா ஆணையத்தின் மருத்துவப் பரிசோதனையில் ஸ்பென்ஸின் இடது கண் விழித்திரையில் கிழிசல். அன்றைக்கும் ‘சாக்கு’ என்று எழுதினார்கள். அவர் படிவத்தில் ‘இல்லை’ என்று போட்டாலும் பலனில்லை, கருவி காட்டிக் கொடுத்துவிடும். அதனால்தான் கட்டாயக் கண் பரிசோதனை எல்லா நாட்டிலும் வேண்டும் என்கிறேன். அவருக்குப் பதிலாக யோர்டெனிஸ் உகாஸ் வந்தார். இடதுகை ஸ்பென்ஸுக்காகத் தயாரான பக்கியாவ், வலதுகை உகாஸிடம் தோற்று, அடுத்த மாதமே ஓய்வை அறிவித்தார்.

ஸ்பென்ஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்டு எட்டு மாதத்தில் திரும்பி வந்தார். 2022 ஏப்ரல் 16, டெக்ஸஸ் மாநிலத்தின் ஆர்லிங்டன். எதிரே நின்றவர் அதே உகாஸ். பத்தாவது ரவுண்டில் உகாஸின் வலது கண் முழுதாக வீங்கி மூடிக்கொண்டது. ரிங் ஓரத்து டாக்டர் ஏறி வந்து இமையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, போதும், நிறுத்துங்கள் என்று ரெஃப்ரியிடம் சொன்னார்.